மகிடனை வென்ற தேவி: ஏட்டிலும் கல்லிலும் வண்ணத்திலும்

மார்க்கண்டேய புராணத்தின் 81 முதல் 93 வரையுள்ள 13 அத்தியாயங்கள் தனி நூலாகப் பிரிந்து, ‘தேவி மகாத்மியம்’ என்ற பெயரில் நாடெங்கும் ஓதப்படுகின்றன. அரைச் சுலோகங்களையும், யார் பேசுகிறார் என்று குறிக்கும் சிறு தொடர்களையும் தனித்தனியே எண்ணி 700 மந்திரங்கள் என்று கணக்கு வைத்திருப்பதால், வடநாட்டில் இதற்கு ‘துர்கா சப்தசதி’ என்றும் பெயர். நவராத்திரி நாட்களில் வீட்டிலும் கோயிலிலும் பாராயணம் செய்யப்படுவது இந்நூல்தான். இந்து சமய நூல்களில் ஓவியருக்கும் சிற்பிக்கும் இவ்வளவு வேலை கொடுத்தவை இராமாயணம், பாகவதம் போலச் சிலவே. அதிலும் ஒரே ஒரு காட்சி, மகிஷன் என்ற எருமை வடிவ அசுரனைத் தேவி அழிக்கும் காட்சி, ஈராயிரம் ஆண்டுகளாக இந்தியாவிலும் சாவகத்திலும் (ஜாவா) செதுக்கப்பட்டும் வார்க்கப்பட்டும் வரையப்பட்டும் வந்திருக்கிறது. நூலில் உள்ளதைப் பார்த்துச் சிற்பி செதுக்கினான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சிற்பங்களை வரிசையாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முதலில் நூல் சொல்லும் கதை. நாட்டை இழந்த சுரதன் என்ற அரசனும், மனைவி மக்களால் துரத்தப்பட்ட சமாதி என்ற வணிகனும் காட்டில் மேதஸ் முனிவரின் ஆசிரமத்தில் சந்திக்கிறார்கள். தங்களை உதறியவர்கள் மீதே பாசம் போகாமல் இருப்பது ஏன் என்று இருவரும் கேட்கிறார்கள். அதற்கு விடையாக முனிவர் மகாமாயையின் பெருமையை மூன்று சரிதங்களாகச் சொல்கிறார். முதல் சரிதம் ஒரே அத்தியாயம்: பிரளய வெள்ளத்தில் அறிதுயில் கொண்ட திருமாலின் காதிலிருந்து தோன்றிய மது, கைடபர் என்ற அசுரர்கள் பிரமனைக் கொல்ல வருகிறார்கள், பிரமன் யோகநித்திரையைத் துதிக்க, அவள் விலக, திருமால் விழித்தெழுந்து அவர்களை அழிக்கிறார். இரண்டாவது மூன்று அத்தியாயம்: மகிஷன் கதை. மூன்றாவதும் நீளமானதும் சும்பன், நிசும்பன் கதை. காளியும் சப்த மாதர்களும் ரத்தபீஜனும் இதில்தான் வருகிறார்கள்.

மகிஷன் கதை, படம் பிடிப்பவனுக்காகவே எழுதியது போன்றது. தோற்ற தேவர்களின் சினம் ஒளியாக வெளிப்பட்டு ஒன்றுகூடி ஒரு பெண்ணாகிறது. சிவனின் ஒளி முகமாகிறது, யமனுடையது கூந்தலாகிறது, திருமாலுடையது கைகளாகிறது. பிறகு ஆயுதங்கள் வந்து சேர்கின்றன: சிவன் சூலம், திருமால் சக்கரம், வருணன் சங்கும் பாசமும், அக்கினி வேல், வாயு வில்லும் அம்பறாத் தூணியும், இந்திரன் வச்சிரமும் ஐராவதத்தின் மணியும், யமன் தண்டம், காலன் வாளும் கேடயமும், விசுவகர்மா மழு. இமவான் சிங்கத்தைத் தருகிறான். குபேரன் மது வற்றாத கிண்ணத்தைத் தருகிறான். போரில் தேவி விடும் பெருமூச்சுகள் நூறாயிரக்கணக்கான கணங்களாகின்றன. சேனாபதிகள் எல்லாம் மடிந்தபின் மகிஷன் எருமையாகப் பாய்கிறான், பாசத்தால் கட்டினால் சிங்கமாகிறான், அதன் தலையை வெட்டப் போனால் வாளேந்திய ஆளாகிறான், அம்பெய்தால் யானையாகிறான், துதிக்கையை அறுத்தால் மறுபடி எருமை. தேவி மது அருந்திச் சிரிக்கிறாள். பாய்ந்து அவன்மேல் ஏறி, காலால் மிதித்து, கழுத்தில் சூலத்தைப் பாய்ச்சுகிறாள். எருமையின் வாயிலிருந்து பாதி உடல் வெளியே வந்த நிலையில் அவன் போரிட, வாளால் தலையைக் கொய்கிறாள்.

இந்நூல் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில் உருவானது என்பது அறிஞர் பலரின் முடிவு. ராஜஸ்தானில் ததிமதி மாதா கோயில் கல்வெட்டொன்றில் இதன் சுலோகம் ஒன்று இடம்பெறுகிறது. அக்கல்வெட்டின் ஆண்டைப் பலரும் 608 என்று கொள்கிறார்கள். ஆனால் தேவியும் எருமையும் சிற்பத்தில் தோன்றுவது இதற்கு மிக முன்பே. ராஜஸ்தானின் நகர் என்ற ஊரில் கிடைத்த சுடுமண் பலகை ஏறத்தாழக் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தது. குஷாணர் காலத்து மதுராவில், அதாவது கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், சிறு சிறு கற்படிமங்கள் பல செய்யப்பட்டன. அவற்றில் போர்க்களம் கிடையாது, பெரும்பாலும் சிங்கமும் கிடையாது. எருமை ஓர் ஆட்டுக்குட்டி அளவில் தேவியின் உடலோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. அவள் ஒரு கையால் அதன் முதுகை அழுத்தி, மறு கையால் கழுத்தையோ நாக்கையோ பிடித்து நெரிக்கிறாள். ஆயுதம் ஏந்திய கைகள் இருந்தும் வேலை நடப்பது வெறும் கையால்தான். தேவர்கள் ஆயுதம் கொடுத்த கதையை அறிந்த சிற்பி இப்படிச் செய்திருப்பானா என்பது ஐயமே.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் மகிஷனைக் கொல்பவர் முருகன். எனவே பழைய இலக்கியத்தில் அசுரனைக் கொன்றது யார் என்பதே உறுதியாகாத நிலையில், மதுராவின் சிற்பிகளும் அவர்களிடம் படிமம் வாங்கி வழிபட்ட மக்களும் அதைத் தேவியின் செயலாகவே அறிந்திருந்தார்கள். எழுத்து இங்கே சிற்பத்துக்குப் பின்னால் வந்திருக்கிறது. ஊரறிந்த வழிபாட்டைப் புராணம் எடுத்துக்கொண்டு, தேவர்களின் ஒளி, ஆயுதப் பட்டியல், உருமாற்றம் என்று விரித்துப் பாடியது என்று கொள்வதே பொருத்தம்.

குப்தர் காலத்தில் காட்சி மாறுகிறது. மத்தியப் பிரதேசத்தில் விதிசாவுக்கு அருகே உதயகிரிக் குன்றின் 6ஆம் குகையில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401-402, என்று கல்வெட்டு உள்ளது. அதன் முகப்பில் திருமால், பிள்ளையார் ஆகியோருடன் பன்னிரு கைகள் கொண்ட தேவி நிற்கிறாள். எருமையின் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, தலையைக் காலால் மிதித்து, சூலத்தைச் செருகுகிறாள். மிதித்தல், சூலம் பாய்ச்சுதல் ஆகிய இரண்டும் பின்னால் வரும் நூலிலும் அப்படியே உள்ளன. காலைப் பிடித்துத் தூக்குவது நூலில் இல்லை.

6ஆம் நூற்றாண்டுச் சாளுக்கியரின் பாதாமி, ஐஹொளே குடைவரைகளிலும் அசுரன் முழு எருமையாகவே இருக்கிறான். இதே மரபின் மிக அழகான வார்ப்புப் படிமம் இமாசலத்தின் பர்மோரில், லக்ஷணா தேவி கோயிலில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பித்தளையில் வார்த்த இத்தேவி எருமையின் வாலைப் பிடித்து உயர்த்தி, தலைமேல் கால் வைத்து, கழுத்தில் சூலம் பாய்ச்சுகிறாள். கொலை செய்கிறவளின் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. மேருவர்மன் என்ற அரசன் ஆணைப்படி குக்கன் என்ற கலைஞன் செய்தது என்று பீடத்தில் பொறித்திருக்கிறது. காலம் ஏறத்தாழ 700. தெய்வப் படிமம் செய்தவனின் பெயர் கிடைப்பது நம் நாட்டில் அபூர்வம் என்பதால் குக்கனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமல்லபுரத்தில் வேறொரு மனம் வேலை செய்திருக்கிறது. கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குன்றில் உள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபம் 7ஆம் நூற்றாண்டுக் குடைவரை. பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தது என்பது பரவலான கருத்து. மாமல்லபுரம் முழுவதும் பிற்காலப் பல்லவ அரசன் ராஜசிம்மன் படைப்பே என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். குடைவரையின் கருவறையில் சோமாஸ்கந்தர். வடக்குச் சுவரில் தேவியின் போர்; அதற்கு நேர் எதிரே தெற்குச் சுவரில் பள்ளிகொண்ட பெருமாள்.

வடக்குச் சுவரில் தேவி சிங்கத்தின் மேல் அமர்ந்து, எட்டுக் கைகளோடு, நாணைக் காதுவரை இழுக்கிறாள். சூழ்ந்து வருபவை குள்ளமான, தொப்பை விழுந்த பூதகணங்கள். தேவியின் பெருமூச்சில் பிறந்தவை என்று நூல் சொல்பவை இவைதாம். சிங்கத்தின் அருகே வாளேந்திய ஒரு பெண் போரிடுகிறாள். எதிரே மகிஷன், தேவியை விடப் பெரிய உடல். தலை எருமை, கழுத்துக்குக் கீழே கட்டுமஸ்தான மனிதன். முடி தரித்திருக்கிறான், தேவிக்கு மேலே குடை பிடித்திருப்பது போலவே அவனுக்கு மேலேயும் ஒரு குடை. இரு கைகளாலும் கதையைப் பற்றியிருக்கிறான். ஆனால் உடல் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. கால்கள் ஏற்கெனவே வெளியேறும் திசைக்குத் திரும்பிவிட்டன. நடுவே ஒருவன் தலைகீழாக விழுகிறான். தேவியின் பக்கத்துக் கோடுகள் எல்லாம் முன்னோக்கிப் பாய்கின்றன, அசுரனின் பக்கத்துக் கோடுகள் எல்லாம் பின்வாங்குகின்றன. இன்னும் ஒரு காயமும் படவில்லை. முடிவு மட்டும் தெரிந்துவிட்டது.

தேவி மகாத்மியத்தில் மகிஷன் எருமையாக இருக்கிறான், சிங்கமாக இருக்கிறான், ஆளாக இருக்கிறான், யானையாக இருக்கிறான். எருமைத் தலையும் மனித உடலுமாக நின்று போரிட்டான் என்று ஓரிடத்திலும் இல்லை. அது சிற்பியின் கண்டுபிடிப்பு. முழு எருமையை எதிரே நிறுத்தினால் அது வேட்டைக் காட்சியாகிவிடும். முழு மனிதனை நிறுத்தினால் அவன் யாரென்று தெரியாது. இரண்டையும் கூட்டியதால் அரசனுக்குரிய கம்பீரமும் மிருகத்தின் அடையாளமும் ஒரே உருவில் கிடைத்தன. கொல்லும் கணத்தை விட்டுவிட்டு அதற்கு முந்திய கணத்தைத் தேர்ந்ததும் அதே துணிச்சல்தான். மதுரா முதல் பாதாமி வரை எல்லோரும் செதுக்கியது கொலையை. பல்லவச் சிற்பிக்கு மட்டும் அது தேவைப்படவில்லை.

எதிர்ச் சுவரைப் பலரும் சரியாகப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். பாம்பணையில் திருமால் நீட்டிப் படுத்திருக்கிறார், இரண்டே கைகள். காலடியில் கதையேந்திய இருவர், நெருங்கலாமா விலகலாமா என்று கூடிப் பேசுவதுபோல. மதுவும் கைடபனும்தான். இங்கும் போர் தொடங்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: தெற்குச் சுவரில் இருப்பது தேவி மகாத்மியத்தின் முதல் சரிதம், வடக்குச் சுவரில் இருப்பது இரண்டாவது. இந்த இணைப்பைக் கலை வரலாற்றாசிரியர் பலர் சுட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அசைவே இல்லாத நித்திரை, மறுபக்கம் அசைவே வடிவான போர். இரண்டும் ஒரே சக்தியின் இரு நிலைகள் என்பது நூலின் கருத்து. திட்டமிட்டவர் நூலை அறிந்தவர் என்றே தோன்றுகிறது. அறிந்தும் அதற்கு அடிமையாகவில்லை.

இதே மாமல்லபுரத்தில் நூலோடு தொடர்பில்லாத துர்க்கையும் இருக்கிறாள். மும்மூர்த்தி குடைவரையின் பக்கச் சுவரில் எட்டுக் கைகளுடன், வெட்டுண்ட எருமைத் தலைமேல் நேராக நிற்கிறாள். போர் முடிந்துவிட்டது, எதிரியும் இல்லை, சூலம் பாய்ச்சும் வேகமும் இல்லை. இது தமிழகத்தின் பழைய கொற்றவை. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியிலேயே எருமைத் தலைமேல் நிற்பவளாகக் கொற்றவை போற்றப்படுகிறாள்; அவளுக்கு ஊர்தி கலைமான். பாலைநில வேட்டுவரின் தெய்வம் அவள். திரௌபதி ரதத்தின் பின்சுவரில் நிற்கும் துர்க்கையின் காலடியில் ஒரு வீரன் தன் தலையைத் தானே அரிந்து தரும் கோலத்தில் மண்டியிட்டிருக்கிறான். நவகண்டம், அரிகண்டம் என்று தமிழ்நாடு அறிந்த பலி. சப்தசதியின் முடிவில் சுரதனும் சமாதியும் தங்கள் உடலின் குருதி தோய்ந்த பலியைத் தந்து வழிபடுகிறார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு; தலை தருவது அதில் இல்லை.

சோழர் காலத்தில் இந்த நின்ற துர்க்கையே வென்றாள். சிவன் கோயில் அர்த்தமண்டபத்தின் வடபுறக் கோட்டத்தில் அவளுக்கு இடம் நிலைபெற்றது. கையில் சங்கும் சக்கரமும் இருப்பதால் விஷ்ணு துர்க்கை என்று அழைக்கிறோம். திருமாலின் தங்கை என்று ஆகமங்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. இவ்வகையில் தலைசிறந்தது தஞ்சாவூர் மாவட்டம் புள்ளமங்கை பிரம்மபுரீசுவரர் கோயிலில், 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் செதுக்கப்பட்டது. தலைக்கு மேலே கல்லாலேயே குடை. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மான்: புராணத்தின் ஊர்தியும் சிலம்பின் ஊர்தியும் ஒரே கோட்டத்தில் நிற்கின்றன. பக்கவாட்டில் உடலை அறுத்துக் குருதி தரும் வீரர்கள். இன்று பெரும்பாலான ஊர்களில் கோட்டத் துர்க்கைக்குச் சேலை சுற்றி, மாலை சாத்தி, எலுமிச்சை விளக்கேற்றி வழிபடுகிறார்கள். வழிபாடு அதன் போக்கில் சரிதான். ஆனால் காலடியில் உள்ள எருமைத் தலை துணிக்குள் மறைந்துபோவதால், செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் வரிசையில் நிற்கும் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் கதை வேறு திசையில் போனது. புவனேசுவரத்தின் வைதாள் தேவுள் கோயில் சுவரில், 8ஆம் நூற்றாண்டில், எருமைத் தலை மனிதனைத் தேவி தலையை அழுத்தி மடக்குகிறாள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலில் அவன் ஏறத்தாழ முழு மனிதனாகி, கொம்புகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இதற்குப் பிறகு நிலைத்த வடிவம் வேறொன்று: தலை துண்டிக்கப்பட்ட எருமை கீழே கிடக்க, அதன் கழுத்திலிருந்து வாளோடு ஒரு மனிதன் எழுகிறான். தேவி மகாத்மியத்தில் அவன் வெளிவருவது வாய் வழியாக. கழுத்து வழி என்பது மச்ச புராணத்தின் சிற்பப் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே காத்யாயனிக்குப் பத்துக் கைகள், எந்தக் கையில் எந்த ஆயுதம், தலையற்ற எருமையிலிருந்து எழும் அசுரன், பாம்புப் பாசம், வலக்கால் சிங்கத்தின் மீது, இடக்காலின் பெருவிரல் மகிஷன் மீது என்று அளந்து சொல்லப்பட்டிருக்கிறது. சமய நூல்களில் இரு வகை இருப்பதை இங்கே பார்க்க வேண்டும். கதை சொல்லும் நூல் ஓதுவதற்கானது. படிம இலக்கணம் சொல்லும் நூல் செய்வதற்கானது. சிற்பியின் பட்டறையில் இருந்தது இரண்டாவதுதான். வங்காளத்தின் பாலர் காலப் படிமங்கள் முதல் இன்றைய துர்கா பூஜை மண்சிலைகள் வரை பின்பற்றுவது அதையே.

கடல் கடந்த சாவகத்திலும் இவ்வடிவம் பரவியது. 9ஆம் நூற்றாண்டுப் பிரம்பானன் சிவன் கோயிலின் வடக்கு அறையில் மகிஷாசுரமர்த்தினி நிற்கிறாள். அடங்கிக் கிடக்கும் எருமையின் மேல் தேவி நிற்க, அதிலிருந்து குழந்தை போன்ற சிறு உருவமாக அசுரன் வெளிவருகிறான். ஒரு கை எருமையின் வாலில், இன்னொரு கை அவன் முடியில். கல்லாய்ச் சபிக்கப்பட்ட ரோரோ ஜோங்க்ராங் என்ற இளவரசியின் உருவம் இது என்று உள்ளூர்க் கதை ஒன்று பிற்காலத்தில் கிளம்பி, கோயிலுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. புராணம் மறந்த ஊரில் சிற்பம் தனக்கு வேறு கதை தேடிக்கொண்டது. சிங்கசாரி கோயிலின் துர்க்கை டச்சுக்காரர்களால் நெதர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்து, 2023-ல் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.

நூலின் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடரும் வாய்ப்பு கல்லுக்குக் கிடையாது, தாளுக்கு உண்டு. தேவி மகாத்மியத்தின் 11ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடி நேபாளப் பகுதியிலிருந்து கிடைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு முதல் இமயமலை அடிவாரச் சிற்றரசுகளில் ஓவியத் தொகுதிகள் பெருகின. 1660-70 அளவில் நூர்பூர்-பசோலி வட்டாரத்தில் தேவியின் தியான வடிவங்களை வரைந்த தொகுதி ஒன்று அடர்ந்த மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிப்பது. அதில் மரகதக் கல் பதித்த நகைகளைக் காட்ட, பளபளக்கும் பச்சை வண்டின் சிறகோடுகளைச் சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் ஒட்டியிருக்கிறார்கள். குலேரில் 1781-ல் தீட்டிய தேவி மகாத்மியத் தொகுதியின் ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. இங்கே கதை ஏடு ஏடாக நகர்கிறது: தேவர்களின் ஒளி திரள்வது ஒரு ஏடு, ஆயுதம் பெறுவது ஒரு ஏடு, ஒவ்வொரு சேனாபதியும் விழுவது தனித்தனி ஏடு. சிற்பிகள் தொடாமல் விட்ட உருமாற்றங்களும் மூன்றாம் சரிதத்தின் காளியும் ரத்தபீஜனும் முழுமையாக வெளிப்பட்டது இத்தகைய தொகுதிகளில்தான்.

ஜோத்பூரில் மகாராஜா விஜய்சிங் (1752-1793) காலத்தில் நிலைமை இன்னும் விரிந்தது. அங்கே தயாரான ‘துர்கா சரித்’ ஏடுகள் ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் கொண்டவை. கையில் பிடித்துப் பார்க்க முடியாது, இருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் கதை சொல்ல, அவையோர் பார்க்க ஏற்றவை. போரை விட, முனிவர் முன் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சுரதனும் சமாதியும் அவற்றில் முக்கியம் பெறுகிறார்கள். நூலின் சட்டகமே அந்த மூவரின் உரையாடல். ஆயிரம் ஆண்டுச் சிற்ப மரபு அதை ஒருமுறைகூடப் பெரிதாகக் கருதவில்லை என்பது வியப்பு. ராஜ்யம் இழந்து மீண்டும் பெற்ற அரசனின் கதை ஓர் அரசவைக்கு ஏன் பிடித்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அச்சு வந்தது. கல்கத்தாவில் 1878-ல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ கல்லச்சில் தெய்வப் படங்களை வெளியிட்டது. பம்பாயில் 1894-ல் ராஜா ரவி வர்மா நிறுவிய அச்சகம் எண்ணெய் வண்ணத்தின் நிழலையும் ஒளியையும் கொண்ட தேவியரைச் சுவருக்குச் சுவர் கொண்டுபோனது. காளிகாட் பட ஓவியர்கள் சில வீச்சுக் கோடுகளில் வரைந்து விற்ற துர்க்கை அந்தப் போட்டியில் பின்தங்கினாள். தமிழகத்தில் இந்த மரபின் பெரிய பெயர் கோவில்பட்டி சி. கொண்டையா ராஜு (1898-1976). நாடகத் திரைச்சீலைகள் வரைந்த கையால் அவரும் சீடர்களும் தீட்டிய தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே காலண்டர்களாக வீடுகளை நிறைத்தன. காலண்டர் மரபில் தேவி பெரும்பாலும் பார்ப்பவரை நோக்கி அருள்கிறாள். சிங்கம் சாதுவாக நிற்கிறது. அசுரன் பல படங்களில் இல்லவே இல்லை. பூஜை அறையில் மாட்டும் படத்துக்கு அதுவே வசதி. ஆனால் மாமல்லபுரத்தில் இருந்த வேகம் அதில் போய்விட்டது.

அந்த வேகத்தை மீட்டவர் நவீன ஓவியர் தையப் மேத்தா. 1980-களின் நடுவில் சாந்திநிகேதனில் தங்கியிருந்தபின் அவர் காளியையும் மகிஷாசுரனையும் திரும்பத் திரும்ப வரைந்தார். தட்டையான நிறப்பரப்புகளில் தேவியின் உடலும் எருமையின் உடலும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, எந்தக் கை யாருடையது என்று பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. கொல்பவளும் கொல்லப்படுபவனும் தழுவிக்கொண்டவர்கள் போலிருக்கிறார்கள். 1997-ல் அவர் வரைந்த ‘மகிஷாசுரா’ 2005-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. தற்கால இந்திய ஓவியம் ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதல் முறை.

மக்கள் கையில் இக்காட்சி இன்றும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. கொல்கத்தாவின் குமார்துலியில் வைக்கோலும் மூங்கிலும் களிமண்ணும் கொண்டு உருவாகும் துர்க்கைக்குப் பத்துக் கைகள், கழுத்திலிருந்து எழும் அசுரன். உடன் நிற்கும் லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், கார்த்திகேயன் நால்வருக்கும் தேவி மகாத்மியத்தின் இப்போரில் பங்கில்லை. மகள் பிள்ளைகளோடு பிறந்தகம் வருகிறாள் என்ற வங்காள நம்பிக்கையால் வந்து சேர்ந்தவர்கள். கொல்கத்தா துர்கா பூஜை 2021-ல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மைசூர் சாமுண்டி மலையிலோ அசுரனுக்கே தனிச்சிலை: ஒரு கையில் வாள், மறு கையில் பாம்பு, பெரிய மீசை. தேவி பக்கத்தில் இல்லாமல் அவன் மட்டும் நின்று சுற்றுலாப் பயணிகளோடு படம் எடுத்துக்கொள்கிறான்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா விழாவின் பத்தாம் நாள் இரவு, கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கிறது. மகிஷாசுரன் உருவம் அம்மனைச் சுற்றி வருகிறது. தலை மாற்றி மாற்றிப் பொருத்தப்படுகிறது. யானை முகமாகி விழுகிறான், சிங்க முகமாகி விழுகிறான், எருமை முகமாகி விழுகிறான். கடைசியில் சேவலாகவும் வருகிறான். அது திருச்செந்தூர்ச் சூரபத்மனிடமிருந்து கடன் வாங்கியது, மற்றவை புராணத்தில் உள்ளவை. ஒரு சிற்பத்தால் ஒரு கணத்தைத்தான் காட்ட முடியும். ஆகவே ஈராயிரம் ஆண்டுச் சிற்பிகள் மகிஷனின் உருமாற்ற வரிசையைத் தொடவில்லை. நூல் சொல்லும் அந்த வரிசையைக் கண்முன் நடத்திக் காட்டுவது, ஏட்டோவியங்களை விட்டால், குலசைக் கடற்கரை விழாதான்.